ஊசி போட்ட குட்டி ஏன் இறந்தது?

விலங்கு மருத்துவத் தாதிமை பயிலும் மாணவர்களுக்காக நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையும், மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும் இங்கே எழுத்து வடிவில் வழங்கப்படுகின்றன.



நோய் எதிர்ப்பாற்றல் என்ற பாடத்தைக் கண்டாலே மாணவர்கள் பலருக்குப் பயம். பெயர்கள் நீளம், படங்கள் சிக்கல், தேர்வு முடிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் பாடம் உங்களைத் தேடி வரும். எப்படி வரும் என்பதை ஒரு சம்பவத்தின் மூலம் சொல்கிறேன்.

ஓர் அம்மா தம் மகளுடன் என் மருந்தகத்துக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய நாய்க்குட்டி. வயது எட்டு வாரம். இரண்டு நாளாக வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. சோதித்துப் பார்த்ததில் பார்வோ கிருமி என்று உறுதியானது. சொட்டு மருந்து ஏற்றி இரவு முழுவதும் கவனித்தோம். மறுநாள் காலையில் குட்டி இறந்துவிட்டது. அந்தச் சிறுமி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவோ அழவில்லை. தடுப்பூசி அட்டையை மேசையில் வைத்து, "ஆறாவது வாரத்துலயே ஊசி போட்டாச்சே டாக்டர். அப்புறம் எப்படிச் செத்துச்சு? ஊசி போலியா?" என்று கேட்டார்.

ஊசி போலி அல்ல. தேதி கடந்ததும் அல்ல. போட்டவர் மீதும் தவறு இல்லை. அப்படியானால் குட்டி ஏன் இறந்தது? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக் கற்றுக்கொண்டால் இன்றைய பாடத்தின் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.

மூன்று காவல்கள்

உடலுக்கு மூன்று கட்டக் காவல் உண்டு. முதலாவது வேலி. தோல், மூக்கிலும் குடலிலும் உள்ள சளிப்படலம், கண்ணீர், இரைப்பையின் அமிலம் ஆகியவை இந்த வேலி. பெரும்பாலான கிருமிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நீங்கள் ஒரு பூனையின் காலில் ஊசிக்குழாய் பொருத்தும்போது அந்த வேலியில் நீங்களே ஒரு துளை போடுகிறீர்கள். அதனால்தான் கையைக் கழுவு, தோலைச் சுத்தம் செய் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்கிறார்கள்.

இரண்டாவது, பிறவியிலேயே அமைந்த காவல். வேலியைத் தாண்டி வந்தது எதுவாயினும் இது பாயும். யார், எவர் என்று விசாரிக்காது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணு முதலில் வந்து சேரும். பிறகு மேக்ரோபேஜ் என்ற பெரிய அணு வந்து கிருமியை விழுங்கும். காயம் சிவப்பதும், சூடாவதும், வீங்குவதும், வலிப்பதும் இந்தப் படை வந்து இறங்கியதன் அடையாளம். சீழ் என்று நாம் துடைத்தெறிவது பெரும்பாலும் போரில் மடிந்த நியூட்ரோபில்கள்தாம்.

நியூட்ரோபில் இரத்தத்தில் சில மணி நேரமே சுற்றி வரும். ஆகவே எலும்பு மஜ்ஜை ஓய்வின்றிப் புதியவற்றைத் தயாரிக்க வேண்டும். பார்வோ கிருமி வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிப் பிடிக்கும். குட்டியின் உடலில் அப்படிப் பெருகுபவை குடலின் உட்சுவர் அணுக்களும் எலும்பு மஜ்ஜையும். குடல் சுவர் கிழிந்து அங்குள்ள பாக்டீரியா இரத்தத்தில் நுழைகிறது. அதே நேரத்தில் அவற்றைப் பிடிக்க வேண்டிய படையின் பயிற்சி முகாமும் அழிகிறது. பார்வோ ஏன் இவ்வளவு கொடியது என்பது இப்போது புரிகிறதல்லவா? இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை சரிந்திருந்தால் மருத்துவர் முகம் வாடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, கற்றுக்கொள்ளும் காவல். இது மெதுவாகத்தான் வரும். ஒரு புதிய கிருமியை எதிர்கொள்ள ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம்கூட ஆகும். ஆனால் வந்துவிட்டால் அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆயுதத்துடன் வரும். அதோடு எதிரியின் முகத்தையும் நினைவில் வைத்திருக்கும். மறுமுறை அதே கிருமி வந்தால் சில நாள்களிலேயே அடித்துவிடும். தடுப்பூசி என்பதே இந்த நினைவாற்றலை நம்பித்தான் போடப்படுகிறது. எதிரியைச் சங்கிலியில் கட்டி வைத்து, "இவன்தான், முகத்தைப் பார்த்துக்கொள்" என்று படைக்குக் காட்டுவதே தடுப்பூசி.

கோழி சொல்லிக் கொடுத்த பாடம்

இந்த மூன்றாவது காவலில் இரண்டு வகை அணுக்கள் உண்டு. பி அணு, டி அணு. பி அணு எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். ஆன்டிபாடி என்று நீங்கள் நூலில் படிப்பது அதுதான். அது இரத்தத்தில் மிதந்து கிருமியைப் பற்றிக்கொள்ளும். டி அணுக்களில் ஒரு பிரிவு கிருமி புகுந்துவிட்ட அணுக்களை அழிக்கும். மற்றொரு பிரிவு மேற்பார்வையாளராக நின்று பி அணுவுக்கும் மற்றவற்றுக்கும் கட்டளையிடும்.

பி என்ற எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? கோழியிடமிருந்து வந்தது. கோழியின் கழிவுத்துளைக்கு அருகில் சிறு பை ஒன்று உண்டு. இத்தாலியின் பதுவா நகரில் பணியாற்றிய ஃபப்ரீசியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் அதனை விவரித்ததால் பர்சா ஆஃப் ஃபப்ரீசியஸ் என்று பெயர் பெற்றது. அது எதற்கு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் அந்தப் பையை அகற்றிய கோழிகளை வளர்த்து வந்தார். அவற்றில் சிலவற்றைச் சக மாணவர் ஒருவர் வகுப்பு ஒன்றுக்காக வாங்கிச் சென்று, எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்டுவதற்காகக் கிருமிப் பொருளைச் செலுத்தினார். எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. பாடம் தோற்றது, ஆனால் கண்டுபிடிப்பு பிறந்தது. 1956ஆம் ஆண்டில் அந்த ஆய்வு கோழி வளர்ப்பு பற்றிய அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. பர்சாவின் முதல் எழுத்துதான் பி. டி என்பது மார்புக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியின் முதல் எழுத்து. அதன் பயனை 1961இல் ஜாக் மில்லர் வெளிப்படுத்தினார்.

மருத்துவ உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு சொல் நம் கால்நடைத் துறையிலிருந்து போனது என்பதில் நாம் பெருமைப்படலாம். கோழிப் பண்ணையில் இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. கம்போரோ என்ற நோய் குஞ்சுகளின் பர்சாவைத் தாக்குகிறது. தப்பிப் பிழைத்த குஞ்சுக்குப் பிறகு நியூகாசல் தடுப்பு மருந்து கொடுத்தாலும் அது சரியாகப் பிடிப்பதில்லை. மருந்தில் குறை இல்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய பள்ளிக்கூடம் இடிந்துவிட்டது.

சீம்பால் என்னும் கடன்

இப்போது நம் நாய்க்குட்டியின் கதைக்குத் திரும்புவோம். பிறந்த குட்டிக்குக் கற்றுக்கொள்ளும் காவல் இன்னும் தேறவில்லை. அதுவரை யார் காப்பது? தாய்தான். தன் வாழ்நாளில் சேர்த்த எதிர்ப்பொருள்களைக் குட்டிக்குக் கடனாகத் தருகிறாள்.

மனிதக் குழந்தைக்கு இது பெரும்பாலும் நச்சுக்கொடி வழியாகக் கருவிலேயே கிடைத்துவிடுகிறது. நாய்க்கும் பூனைக்கும் அவ்வழியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடக் கிடைப்பது அரிது. மாடு, ஆடு, குதிரை, பன்றி ஆகியவற்றின் நச்சுக்கொடியோ எதையும் விடுவதில்லை. கன்று எதிர்ப்பொருள் ஏதுமின்றி வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு எல்லாமே சீம்பாலில்தான் இருக்கிறது.

அந்தச் சீம்பாலுக்கும் ஒரு கெடு உண்டு. பிறந்தவுடன் கன்றின் குடல் எதிர்ப்பொருளைச் செரிக்காமல் முழுதாகவே இரத்தத்துக்குள் விடும். முதல் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அந்த வாசல் மெல்ல மூடத் தொடங்கும். இருபத்து நான்கு மணி நேரத்தில் அடைத்தே விடும். அதன் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிறையும், இரத்தத்தில் காவல் ஏறாது. பொதுவான கணக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர். அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள்.

தோட்டப்புறங்களில் நம்மவர்கள் மாடு வளர்த்த காலம் பலருக்கு நினைவிருக்கும். மாடு கன்று ஈன்றால் முதல் பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி, அக்கம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சியதைக் கறக்க வேண்டும். கன்று எழுந்து நிற்பதற்கு முன்பே கறந்துவிட்டால் இரண்டாம் வாரத்தில் அது கழிச்சலில் சாகும். "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார்கள். கண்ணேறு அல்ல, காவல் ஏறாததுதான் காரணம்.

ஒரு விதிவிலக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பூனைகளில் ஏ, பி என்று இரத்த வகைகள் உண்டு. பி வகைப் பூனையின் இரத்தத்தில் ஏ வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கிறது. அத்தகைய தாய்க்கு ஏ வகைக் குட்டிகள் பிறந்தால், சீம்பால் குடித்த ஓரிரு நாளில் குட்டிகளின் சிவப்பணுக்கள் உடைந்து இறக்கக்கூடும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற இனங்களில் பி வகை கூடுதலாகக் காணப்படுவதால் இதை மறந்துவிடக் கூடாது. பூனைக்கு இரத்தம் ஏற்றும்போது முதல் முறையாயினும் வகை பார்த்தே ஏற்ற வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

கடன் தீரும் நாள்

தாய் கொடுத்த எதிர்ப்பொருள் நிரந்தரம் அல்ல. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை.

ஒரு குட்டியின் இரத்தத்தில் பிறந்தவுடன் 640 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் நாள் 320. இருபதாம் நாள் 160. முப்பதாம் நாள் 80. நாற்பதாம் நாள் 40. ஐம்பதாம் நாள் 20.

தெருவில் திரியும் வீரியமுள்ள பார்வோ கிருமியைத் தடுக்க 80 பங்கு வேண்டும் என்று கொள்வோம். ஊசியிலுள்ள கிருமி வலுவிழந்தது. அதை அழிக்க 20 பங்குக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். முப்பதாம் நாளுக்குப் பிறகு தெருக் கிருமியைத் தடுக்கும் வலு இந்தக் குட்டிக்கு இல்லை. ஆனால் ஐம்பதாம் நாள் வரை, தாயின் எஞ்சிய எதிர்ப்பொருள் ஊசி மருந்தை அழித்துக்கொண்டே இருக்கிறது. படைக்கு முகம் காட்ட எதிரியைக் கட்டிக்கொண்டு வந்தால், தாயின் காவலாளி வாசலிலேயே அவனைக் கொன்றுவிடுகிறான். படை அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆக, நோய் வரலாம், ஊசியோ பிடிக்காது. இப்படி இருபது நாள். இதைத்தான் ஆபத்து இடைவெளி என்கிறோம்.

அந்த அம்மாவின் குட்டிக்கு ஆறாவது வாரத்தில், அதாவது நாற்பத்திரண்டாம் நாளில் ஊசி போடப்பட்டது. அப்போது அது இந்த இடைவெளிக்குள்தான் இருந்திருக்க வேண்டும். ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் குட்டியை அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள புல்வெளியில் விளையாட விட்டிருக்கிறார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

"அப்படியென்றால் ஐம்பதாம் நாளுக்குப் பிறகு ஒரே ஊசி போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். இதே தாயின் இன்னொரு குட்டி கூடுதலாகச் சீம்பால் குடித்து 2560 பங்கோடு தொடங்கினால், அது 20க்கு இறங்க எழுபது நாள் ஆகும். 10240 என்றால் தொண்ணூறு நாள். எந்தக் குட்டி எவ்வளவு குடித்தது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும் வரையிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ முடியும்படி ஊசி போடச் சொல்கிறார்கள். பலரும் நினைப்பது போல, மூன்று ஊசியும் சேர்ந்தால்தான் வலு வரும் என்பதல்ல காரணம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளில் பிடித்தால் ஒன்றே போதும். எது பிடிக்கும் என்று தெரியாததால் மூன்று தடவை கதவைத் தட்டுகிறோம். அவற்றில் கடைசி ஊசிதான் மிக முக்கியம். ஆனால் மக்கள் தவற விடுவதும் அந்தக் கடைசி ஊசியைத்தான். உலகச் சிறு பிராணி மருத்துவச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆறாவது மாதத்தில் மேலும் ஒன்று போட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்கிறது. பதினாறு வாரத்திலும் கடன் தீராத குட்டிகள் சில இருப்பதே அதற்குக் காரணம்.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான ஊசி வேறு வகை. அதிலிருப்பது செத்த கிருமி. ஒரு முறை காட்டினால் படை பாதிதான் கற்கும். ஆகவே இரண்டு ஊசி கட்டாயம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. இவ்விரண்டு வகைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெறிநாய்க்கடியும் உங்கள் உயிரும்

இதுவரை விலங்கைக் காப்பது பற்றிப் பேசினோம். இனி உங்களைக் காப்பது பற்றி. 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது. பின்னர் 1955இல் தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட்டாரத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு தடுப்பு வளையம் அமைக்கப்பட்டது. அப்படிக் காத்தும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் தொடங்கி, அம்மாநிலத்தில் இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்துவிட்டது. சிங்கப்பூரில் 1953 முதல் இந்நோய் இல்லை என்றாலும், கடல் கடந்தால் இருக்கிறது என்பதை அங்குள்ளவர்களும் மறக்கக் கூடாது.

இந்தக் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்புக்குள் புகுந்து மூளையை நோக்கி நகரும். நரம்புக்குள் சென்றுவிட்டால் காவல் படையின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடித்ததற்கும் நரம்பில் புகுவதற்கும் இடையே நமக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. முதல் வேலை, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுவது. அடுத்தது மருத்துவமனை. அங்கே ஆழமான கடிக்கு இரண்டு மருந்துகள் தருவார்கள். ஒன்று, காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும் ஆயத்த எதிர்ப்பொருள். மற்றது தடுப்பூசி. முன்னது சீம்பாலைப் போன்ற கடன், உடனே காக்கும், விரைவில் தீரும். பின்னது சொந்தச் சம்பாத்தியம், வரச் சில நாளாகும், ஆனால் நிலைக்கும். இன்றைய பாடம் முழுவதும் அந்த ஒரு காயத்தில் அடங்கியிருக்கிறது.

முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டவரைக் கடித்தால் அந்தக் கடன் மருந்து தேவையில்லை. இரண்டு ஊசி போட்டால் பழைய நினைவு விழித்துக்கொள்ளும். ஆகவே விலங்குகளோடு பழகப் போகும் நீங்கள் பணியில் சேருமுன் இது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாணவர்கள் கேட்டவை

கேள்வி: சிறிய இன நாய்க்கு அரை அளவு ஊசி போட்டால் போதுமா, டாக்டர்?

பதில்: போதாது. வலி மருந்தையும் கிருமிக்கொல்லியையும் எடைக்கு ஏற்பக் கொடுக்கிறோம். தடுப்பூசி அப்படியல்ல. படைக்கு எதிரியின் முகத்தைக் காட்டக் குறைந்தபட்ச அளவு ஒன்று வேண்டும். சிவாவா நாய்க்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அளவு ஒன்றே. பாதியைக் கொடுத்துவிட்டு அட்டையில் முழுதாக எழுதுவது உரிமையாளரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: ஊசி போட்டதும் ஏன் சற்று நேரம் காத்திருக்கச் சொல்கிறோம்?

பதில்: அரிதாகச் சில விலங்குகளுக்குப் படை அளவுக்கு மீறிப் பொங்கிவிடும். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரியும். நாய்க்கு முகம் வீங்கும், வாந்தியெடுக்கும், ஈறு வெளுத்துச் சுருண்டு விழும். பூனைக்கு முதலில் மூச்சுத்தான் திணறும். இதை முதலில் காண்பவர் வரவேற்பு மேசையில் இருக்கும் தாதிதான். மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். அட்ரினலின் மருந்து எங்கே இருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடுப்பூசி விஷயத்தில் தாதியின் மிக முக்கியமான பணி எது?

பதில்: இரண்டைச் சொல்வேன். ஒன்று, குளிர்ப்பெட்டி. 2 முதல் 8 பாகை வெப்பநிலைக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்து எழுதுங்கள். நம் வெயிலில் மருந்தை மேசையில் மறந்து வைத்தால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும். உறைந்து போனாலும் பல மருந்துகள் கெட்டுவிடும். ஊசியில் கலந்த மருந்தை உடனே பயன்படுத்த வேண்டும்.

மற்றது, வாய்ச்சொல். முதல் ஊசி போட்டுக்கொண்டு போகும் ஒவ்வொருவரிடமும், "இன்னும் காவல் உறுதியாகவில்லை. கடைசி ஊசி முடியும்வரை தெரு நாய்கள் நடமாடும் இடத்தில் தரையில் விடாதீர்கள். வீட்டுக்குள் ஆள்களோடு நன்றாகப் பழக விடுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அட்டையில் அடுத்த தேதியை எழுதுங்கள். வரவில்லையென்றால் தொலைபேசியில் அழையுங்கள். அந்த அம்மாவிடம் இந்த இரண்டு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சிறுமி அன்று அழுதிருக்க மாட்டாள்.

அவர்கள் மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தார்கள், வேறொரு குட்டியுடன். வீட்டைக் குளோரக்ஸ் கரைசலால் கழுவிவிட்டு, இம்முறை பதினாறு வாரம் முடியும்வரை எல்லா ஊசியும் போட்டார்கள். கடைசி ஊசியன்று அந்தச் சிறுமி அட்டையை என்னிடம் நீட்டி, "இனிமே கீழ கூட்டிட்டுப் போலாமா டாக்டர்?" என்று கேட்டாள். இரண்டு வாரம் பொறுத்துக் கூட்டிப் போகச் சொன்னேன்.